கூடி உட்கார்ந்தால் என்ன ஆகும்?

கரிசலில் மழை தவறினால் உளுந்தும் தவறும், பருத்தியும் தவறும். திருவேங்கடம் பக்கம் அப்படிப்பட்ட வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பெரிவது, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடைக்கும் பெண்களின் கூலியில்தான். அந்தக் கூலியை நம்பி வங்கி கடன் கொடுக்காது. ஈடு வைக்க நிலம் இல்லை, காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வட்டிக்காரர்தான் கதி. அஞ்சு வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம்.

அதே தெருப் பெண்கள் பதினைந்து பேர் மகளிர் குழுவாகச் சேர்ந்துவிட்டால், வங்கி ஈடு கேட்காமலே கொடுக்கிறது. தனியாக இருந்தபோது இல்லாத எந்தச் சொத்து, சேர்ந்ததும் வந்தது? 1989-இல் தருமபுரியில் அரசு குழுக்களைத் தொடங்கியதும், 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்க இறங்கியதும் இந்தப் புதிரை நம்பித்தான்.

குழு முதலில் சேமிக்கிறது. ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் ஆறு மாதத்தில் 9,000. அதை உறுப்பினருக்கே கடனாகச் சுற்றுக்கு விடுகிறார்கள். வட்டி வெளியே போவதில்லை, குழுவின் பணத்தோடுதான் சேர்கிறது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வங்கி பார்ப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 1990-இல் ஒரு விளக்கம் சொன்னார். கடன் வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று வங்கிக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஒருவருக்காக மற்றவர்கள் பொறுப்பேற்றால் கண்காணிப்பு தானாக நடக்கும். அப்படியானால் பணத்தைத் திருப்ப வைப்பது பயமா?

பிலிப்பீன்ஸில் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, கூட்டத்தை மட்டும் விட்டுவைத்துச் சோதித்தார்கள். தவணை தவறுவது கூடவில்லை. கொல்கத்தாவில் கூட்டுப் பொறுப்பே இல்லாத கடனில், சில குழுக்களை வாரம் ஒருமுறையும் சிலவற்றை மாதம் ஒருமுறையும் கூடச் செய்தார்கள். வாராவாரம் சந்தித்தவர்கள், அடுத்த கடனைத் தவறவிட்டது மற்றவர்கள் தவறவிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சோதனைக்காக வைத்த குலுக்கலில் தமக்குக் கிடைக்கும் பரிசைத் தோழியோடு பகிரவும் அவர்களே அதிகம் முன்வந்தார்கள். எனக்கு இது பெரிய வியப்பு. கூடி உட்கார்ந்த நேரமே ஈடாக மாறியிருக்கிறது! மழைக்காலத்தில் குச்சி காயாமல் ஆபீசில் வேலை குறைந்தால், ஒருத்தியின் தவணை ஏன் நின்றது என்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களால் கைகொடுக்க முடியும்.

அதனால்தான், சேமிப்பும் பேச்சும் இல்லாமல் கையெழுத்துக்காக மட்டும் பெண்களைக் கூட்டி, வீட்டு வாசலில் வசூலுக்கு நின்று மிரட்டும் குழுக் கடன்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்த மிரட்டலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பெயர் குழுதான். ஆனால் கடன் வாங்குமுன் ஆறு மாதம் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.