வீடு ஒரு மாநிலம், கடை ஒரு மாநிலம்: வரி யாருக்கு?

ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். நம் திருவண்ணாமலை, செங்கம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சிலர் அங்கேயே மளிகைக் கடை போட்டிருக்கிறார்கள். வீடு, நிலம், ரேஷன் கார்டு எல்லாம் ஊரில். "பையன் அங்கே சம்பாதிக்கிறான், குடியிருப்பு இங்கே. ரெண்டு சர்க்காருக்கும் வருமான வரி கட்டணுமா அண்ணாச்சி?" என்று வேங்கிக்காலில் நம் கடைக்கு வரும் சில்லறை வியாபாரிகள் கேட்காத மாதம் இல்லை.

வேண்டியதில்லை. நம் நாட்டில் வருமான வரி மத்திய அரசின் வரி. 1860ல் ஜேம்ஸ் வில்சன் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தார். பிற்பாடு வந்த அரசியல் சட்டமும் இதை மத்தியப் பட்டியலிலேயே வைத்தது. விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமை மட்டும் மாநிலங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவருக்கு ஒரு பான் எண், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். பெங்களூர்க் கம்பெனி சம்பளத்தில் பிடித்த வரியும், திருவண்ணாமலை வங்கி வட்டியில் பிடித்த வரியும் அந்த ஒரே எண்ணில்தான் வரவாகும். இரண்டு ஊரில் கடை இருந்தாலும் ஒருவர் பெயரில் இருந்தால் இரண்டின் லாபத்தையும் கூட்டி ஒரே கணக்காகக் காட்ட வேண்டும். ஊரில் இருக்கும் கடையை மட்டும் காட்டிவிட்டு மற்றதை விட்டுவிட முடியாது.

பெங்களூரில் கட்டினால் அந்தப் பணம் கர்நாடகத்துக்குப் போய்விடுமே என்று வருந்துகிறவர்களும் உண்டு. அதுவும் இல்லை. மத்திய வரிகளில் பகிர்ந்தளிக்கும் தொகுப்பில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்குச் சொன்னது. ஜனத்தொகை, பரப்பளவு, வருமான வித்தியாசம் முதலானவற்றைப் பார்த்துப் பங்கு பிரிக்கிறார்கள். உங்கள் ரிட்டர்னில் எந்த ஊர் விலாசம் இருக்கிறது என்பதை வைத்து அல்ல.

இந்தக் குழப்பம் நிஜமாகவே உள்ள இடம் அமெரிக்கா. அங்கே மத்திய வருமான வரி போக, பெரும்பாலான மாநிலங்கள் தனியாக ஒரு வருமான வரி வாங்குகின்றன. நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர் நியூயார்க்குக்கு வெளியூர்க்காரராக ரிட்டர்ன் போட்டு வரி கட்ட வேண்டும். வீடு உள்ள நியூஜெர்சிக்கும் ஒரு ரிட்டர்ன் போட வேண்டும். ஆனால் நியூயார்க்கில் கட்டியதற்கு நியூஜெர்சி கழிவு கொடுக்கும். நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் ஒப்பந்தம் இருப்பதால், அங்கே சம்பளக்காரர்கள் வீடு உள்ள மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது. அக்கரையில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வந்து இங்கேயும் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறார்கள்!

நம் ஊரில் இடத்தைப் பார்த்து வரும் வரி இரண்டு. முதலாவது தொழில் வரி. அரசியல் சட்டத்தின் 276வது பிரிவின்படி இது வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. 1988 வரை உச்சவரம்பு 250 ரூபாய்தான். தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒரு முறை வாங்குகிறது. கர்நாடகத்தில் மாநில அரசே வாங்குகிறது. 2023 ஏப்ரல் முதல் அங்கே மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளத்துக்குத் தொழில் வரி இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பையனுக்கு அங்கே முதலாளி பிடித்து விடுவார். அந்தச் சம்பளத்துக்காக இங்கே யாரும் கேட்டால் சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும். ஆனால் இரு மாநிலத்திலும் கடை நடத்துகிறவருக்கு இரு பக்கமும் தனித்தனியே தொழில் வரி வரும்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. நம்மவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். வருமான வரி ஆளைப் பார்க்கும், ஜி.எஸ்.டி. இடத்தைப் பார்க்கும். பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. வேங்கிக்காலில் 33 எண் வைத்திருப்பவர் ஓசூரில் கிளை போட்டால் அதே எண்ணில் கூடுதல் இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சில மைல் தள்ளி அத்திப்பள்ளியில் போட்டால் 29ல் புதிய பதிவு வேண்டும். கடைக்காரர் ஒருவரே என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு வேறு ஆட்கள்.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. சொந்தக் கடைக்குத்தானே அனுப்புகிறோம் என்று வெள்ளைத் தாளில் எழுதி வண்டியில் ஏற்றி விடுகிறார்கள். மாநிலம் தாண்டினால் அது விற்பனையைப் போலவே வரிக்குரியது. ஐ.ஜி.எஸ்.டி. போட்டுப் பில் எழுத வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். மூன்று லட்ச ரூபாய் மிளகாய்க்கு 5 சதவீதம் என்றால் 15,000 ரூபாய். அதை அந்தப் பக்கக் கடை வரவு எடுத்துக்கொள்ளும், நஷ்டமில்லை. எல்லாம் வரிக்குரிய சரக்கை விற்கும் கடையாக இருந்து அங்கே முழு வரவு எடுக்க முடிந்தால், பில்லில் நாம் போட்ட விலையையே ஏற்றுக்கொள்வார்கள். பில் இல்லாமல் வழியில் வண்டி பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்தாலும் வரியைப் போல் இரு மடங்கு, அதாவது 30,000 ரூபாய் அபராதம் கட்டித்தான் சரக்கை மீட்க வேண்டும்.

காம்போசிஷன் முறையில் ஒரு சதவீதம் கட்டும் சிறு வியாபாரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்றரைக் கோடி வரம்புக்கு ஒரே பான் எண்ணில் உள்ள எல்லா மாநில விற்பனையையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு கடையை அந்த முறையிலும் மற்றதைச் சாதாரண முறையிலும் வைக்க வழியில்லை. வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. சொந்தக் கிளைக்கும் கூடாது, தனிப் பான் எண்ணில் கடை வைத்திருக்கும் மகனுக்கும் கூடாது. அப்படிப்பட்டவர்கள் பெங்களூர்க் கடைக்கு வேண்டிய சரக்கை அங்கே யஷ்வந்த்பூரிலேயே நேராகக் கொள்முதல் செய்வதுதான் தொல்லையில்லாத வழி என்பது நம் அபிப்பிராயம்.

40 லட்சத்துக்குக் குறைவுதானே, பதிவே வேண்டாம் என்றிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைதான். புதுச்சேரிக் கடைக்கு வரிக்குரிய சரக்கு ஒரு மூட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். புதுச்சேரியில் கடையே வைப்பதானால் அங்கே வரம்பு 20 லட்சம்தான்.

1956ம் வருடச் சட்டத்தின்படி மத்திய விற்பனை வரி கட்டி, சி பாரத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு 2017 ஜூலைக்குப் பிறகு அந்த அலைச்சல் இல்லை. அதற்குப் பதில் கொள்முதல் செய்யும் இடத்திலேயே பில்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யஷ்வந்த்பூரில் சரக்கு எடுக்கும்போது நம் 33 எண்ணைக் கொடுத்து ஐ.ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்க வேண்டும். அவசரத்தில் உள்ளூர் வாடிக்கை போல மத்திய, கர்நாடக வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டால் அந்த வரி இங்கே வரவாகாது. லாரி கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு போன் செய்தால், அவர்கள் பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட் போட்டு மாற்றுப் பில் அனுப்புவதற்குள் அந்த மாத ரிட்டர்ன் தேதி போய்விடும்.