மருந்தகத்தை விட்டு நகருமுன் ஒரு நிமிடம்

மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேர்வதற்கு முன் பல படிகளைக் கடக்கிறது. சீட்டைப் படித்தல், கணினியில் பதிதல், அலமாரியிலிருந்து எடுத்தல், எண்ணுதல், உறையில் வேளையைக் குறித்தல், உரியவரை அழைத்து அவரிடமே ஒப்படைத்தல் என்னும் இவற்றுள் எந்தப் படியிலும் பிழை நேரக்கூடும். புறநோயாளிகள் பிரிவிலிருந்து பெருந்திரளானோர் ஒரே வேளையில் மருந்தகத்தின் முன் வந்து நிற்கும் முற்பகலில் அந்த வாய்ப்பு மேலும் கூடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் மருந்துப் பயன்பாட்டால் விளையும் தீங்குகளைக் குறைப்பதற்கென 2017ஆம் ஆண்டில் உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது. செப்டம்பர் 17 அன்று கடைப்பிடிக்கப்படும் உலக நோயாளர் பாதுகாப்பு நாளும் 2022இல் இதனையே கருப்பொருளாகக் கொண்டது. நோயாளியும் குடும்பத்தினரும் தம் மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பது அம்முயற்சியின் முக்கியமான வேண்டுகோள்களுள் ஒன்று. அதனையே நாமும் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம்.

பிழை எங்கெங்கே நுழைகிறது?

முதலாவது, பெயர் ஒற்றுமை. சர்க்கரை நோய்க்குரிய மெட்ஃபார்மினும், கிருமித் தொற்றுக்குரிய மெட்ரோனிடசோலும் ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்கள். அமெரிக்காவில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் 'லோசெக்' என்னும் மருந்து, சிறுநீரைப் பெருக்கும் 'லேசிக்ஸ்' மருந்தோடு குழப்பப்பட்டதால், 1990இல் அதன் பெயரே 'பிரைலோசெக்' என மாற்றப்பட்டது. மனிதர்களின் பெயரிலும் இதே இடர் உண்டு. 'லட்சுமி' என்று அழைத்தால் மூவர் எழுந்து வருவது நம் ஊரில் வியப்பன்று. ஆகவே, பெயரோடு தலைப்பெழுத்து, வயது, மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றையும் கூறியே மருந்தைப் பெறுங்கள்.

இரண்டாவது, அளவு. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அல்லது 250 மி.கி. இருக்கும். 125 மி.கி. சிரப்புக்குப் பதிலாகச் சொட்டு மருந்தை 5 மி.லி. கொடுத்துவிட்டால், குழந்தையின் உடலில் சேர்வது 500 மி.கி.; அதாவது நான்கு மடங்கு. புட்டியின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் படித்து, அதனுடன் வந்த அளவுமூடி அல்லது துளிக்குழாயை மட்டுமே பயன்படுத்துங்கள். சமையலறைக் கரண்டி வேண்டா.

இன்சுலினிலும் இவ்வாறே. நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும், 100 யூனிட் உள்ளவையும் கிடைக்கின்றன. 40-க்குரிய ஊசிக்குழலின் மூடி பொதுவாகச் சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினை 40-க்குரிய குழலில் 20ஆம் கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ அது போதும். நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியிலும் குழலிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வேளை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். பழக்கத்தால் நாள்தோறும் உட்கொண்டவர்களுக்கு வாய்ப்புண், காய்ச்சல், இரத்த அணுக்களின் வீழ்ச்சி ஆகியவை ஏற்பட்டுள்ளன, உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. இம்மருந்தை வாங்குவோர், எந்தக் கிழமை என்பதை உறையின் மேல் எழுதித் தரும்படி கட்டாயம் கேட்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியவை

மருந்தைப் பெற்றவுடன் சற்று ஒதுங்கி நின்று, சீட்டையும் மருந்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

1. சீட்டிலும் பில்லிலும் உள்ள பெயர் உங்களுடையதுதானா?

2. மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரும் மி.கி. அளவும் சீட்டோடு பொருந்துகின்றனவா? வணிகப் பெயர் வேறாக இருந்தால், உள்ளே இருக்கும் மருந்து அதுவேதானா என்று கேளுங்கள்.

3. 1-0-1 என்பது காலை ஒன்று, இரவு ஒன்று, நண்பகலில் இல்லை என்று பொருள்படும். உறையில் குறித்த வேளையும் அதுதானா? உணவுக்கு முன்னா, பின்னா?

4. காலாவதி நாள் கடந்துவிட்டதா? அட்டையை வெட்டிக் கொடுத்திருந்தால் பெயரோ நாளோ மறுபாதியில் போயிருக்கலாம். அவற்றை உறையில் எழுதி வாங்குங்கள்.

5. தொடர்ந்து உண்ணும் மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருக்கிறதா? தயாரிக்கும் நிறுவனம் மாறியிருக்கலாம். மருந்தே மாறியிருக்கவும் கூடும். எது என்பதை மருந்தாளுநரே சொல்லட்டும்.

ஆங்கிலம் படிக்க இயலாதவர்கள் முன்பு வாங்கிய மாத்திரையின் வெற்று அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மருந்தும் எந்த நோய்க்கானது என்பதைத் தமிழில் எழுதித் தரக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, வரிசையில் நிற்போர் முணுமுணுப்பார்களோ என்று தயங்க வேண்டா. உங்கள் கேள்வி எங்கள் வேலைக்கு இடையூறு அன்று. அதுவே இறுதிச் சரிபார்ப்பு.

ஆனால் ஒன்று: மருந்தை எண்ணிக்கொண்டிருப்பவரை இடையில் அழைக்காதீர்கள். கவனம் கலைவதே பிழைகளுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று. அவர் எண்ணி முடித்து நிமிர்ந்தபின் கேளுங்கள்.

தவறான மருந்து வந்துவிட்டால்

இன்னும் உட்கொள்ளவில்லை எனில், உட்கொள்ள வேண்டா. அட்டை, உறை, பில், சீட்டு ஆகிய அனைத்தையும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள். வர இயலாவிட்டால், சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணில் அழையுங்கள்.

உட்கொண்டுவிட்டீர்கள் எனில், எந்த மருந்து, எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பவற்றைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். உடலில் மாற்றம் தெரியட்டும் என்று காத்திராதீர்கள். வாந்தி எடுக்க முயல வேண்டா. உப்புக் கரைசல் போன்றவற்றைக் கொடுக்க வேண்டா. அச்சத்தால் வழக்கமான மருந்துகள் அனைத்தையும் தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே. எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் கூறுவார்.

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குதல், மயக்கம், வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய்க்கான மருந்து தவறுதலாக உள்ளே சென்று, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்பட்டால், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது.

மாத்திரை உண்டபின் தோன்றும் பாதகமான விளைவுகளை 1800-180-3024 என்னும் கட்டணமில்லா அரசு உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

தீங்கு ஏதும் நேராவிட்டாலும் பிழையை எங்களிடம் கூறுங்கள். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று பலர் பேசாமல் இருந்துவிடுகின்றனர். இன்று உங்கள் கண்ணில் பட்ட பிழை நாளை, கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவரின் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஒத்த தோற்றமுள்ள இரு பெட்டிகள் அருகருகே இருந்தனவா, கையெழுத்து விளங்கவில்லையா என்று காரணத்தைத் தேடுவதற்கும், அப்பெட்டிகளை வெவ்வேறு அடுக்குகளுக்கு மாற்றுவதற்கும் நீங்கள் தரும் தகவலே துணை. மருந்து முழுவதும் தீரும்வரை சீட்டையும் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள்.