ஆண் பிள்ளைக்குச் சிறுநீர்த் துளை கீழே இருந்தால் கூடவே பார்க்க வேண்டியவை

முகாமில் பிறந்த ஆண் பிள்ளையோடு தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்களா? சிறுநீர்த் துளை ஆணுறுப்பின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தால், அது ஹைப்போஸ்பேடியாஸ் எனப்படும் பிறவிக் குறை. சுமார் 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டு. கிரகணத்தில் தாய் வெளியே போனதால் வருவதல்ல.

இக்குறையுடன் வேறு குறைகளும் சேர்ந்து வரலாம். இப்பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு விதை பைக்குள் இறங்கியிருக்காது. வெந்நீரில் குளிப்பாட்டியதும் தொட்டுப் பாருங்கள். நம் மலைக் குளிரில் நல்ல விதையும் மேலே ஏறிக்கொள்ளும். ஆறு மாதம் கடந்தும் இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வது நல்லது. பிந்தினால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

அழும்போது கவட்டில் வீங்கி, பிறகு உள்ளே போனால் அது குடலிறக்கம். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, பிள்ளை வாந்தி எடுத்தால் நடு இரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பிறந்த குழந்தைக்குத் துளை கீழே இருந்து, இரண்டு விதைகளும் தட்டுப்படாவிட்டால் அன்றே காட்டுங்கள். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் கோளாறால் ஆண்போலத் தோன்றும் பெண் குழந்தையாகவும் இருக்கலாம். இக்கோளாறில் உடலில் உப்புத் தங்காமல் போகலாம். அப்போது முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் குழந்தை பால் மறுத்து, வாந்தி எடுத்து, சோர்ந்து இறக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருந்து கொடுத்தால் நன்றாக வளரும். ஆணா பெண்ணா என்று வைத்தியர் சொல்லும்வரை பிறப்புப் பதிவுக்கு அவசரப்படாதீர்கள்.

மலத்துவாரம் இல்லாமை, முதுகுத்தண்டில் கட்டி போன்றவையும் இருந்தால் சிறுநீரகங்களை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள்.

முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர் இதைப் பார்த்திருப்பார். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் எறியாமல் எடுத்துப்போங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டலாம். தேவையானால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கிளினிக் நாளில் பேர் விழாது, பஸ் செலவும் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுன்னத்து செய்யும் குடும்பமானால் பொறுத்திருங்கள். துளையைச் சீராக்க அந்த நுனித்தோல்தான் பயன்படும். இச்சிகிச்சைக்கு 6 முதல் 18 மாதம் வரை நல்ல வயது. குந்தியிருந்தே சிறுநீர் கழிக்கும், பாடசாலைக் கழிப்பறைக்குப் போகக் கூசும் பெரிய பையனுக்கும் செய்யலாம்.