ஊரோடு நின்றுபோன வடம்

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம், எழுதினால் அங்கு படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் சங்கடம். ஊராட்சி மன்ற அலுவலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. அதுவரை இணையத்துக்கான கண்ணாடி இழை வடம் வந்துவிட்டது. அங்கிருந்து காலனி முக்கால் கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடை, கொஞ்சம் கரும்புத் தோட்டம். வடம் அதைத் தாண்டவில்லை. காலனியில் உள்ள ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளியில் திறன் வகுப்பறைக்கான திரையைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இணைப்பு இல்லாததால் தூசு படாமல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார் ஆசிரியை.

அந்தக் காலனியின் அம்பேத்கர் படிப்பகத்தில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். பெரிய பிள்ளைகள் நாலு பேர் இணையம் கிடைக்குமென்று ஊராட்சி அலுவலகச் சுவரோரம் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் நாளே ஒருவர் வந்து, “யார் வூட்டுப் புள்ளைங்க நீங்க?” என்று கேட்டிருக்கிறார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். மூன்றாம் நாள் யாரும் போகவில்லை.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன் வகுப்பறைகளை அரசு அறிவித்து அமைத்தது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டோம். ஆனால் கருவி வருவதும் பாடம் வருவதும் ஒன்றல்ல என்பதைக் கொரோனா காலத்திலேயே பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காடு, இணைய வசதி 14.9 விழுக்காடு. கேரளத்தில் இணையவழி வகுப்பு தொடங்கிய 2020 ஜூன் 1ஆம் தேதியே, வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிப் பாடம் பார்க்க முடியாத தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1இல். அதற்குள் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் பெற்றோரோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் இதே மாவட்டத்து மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று அரசே அப்போது ஒப்புக்கொண்டது.

எங்கள் படிப்பகத்திலும் ஆள்தான் முதல். பி.ஏ. முடித்த, அதே தெருவில் வாக்கப்பட்ட பெண் ஒருவர் பாடம் நடத்துகிறார். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு இருக்கிறதல்லவா, அந்தக் காணொளிகளை வாரம் ஒருமுறை திண்டிவனம் போகும் தோழர் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவார். யாரோ கொடுத்த பழைய டி.வி.யில் போடுகிறோம். பின்னக் கணக்குப் புரியாமல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றிருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒரே காணொளியை ஆறு முறை ஓட்டிப் பார்த்தாள். “இதுல திரும்பத் திரும்பக் கேக்கலாம்ண்ணா, மொறைக்காது” என்றாள். வகுப்பில் இரண்டாம் முறை சந்தேகம் கேட்டு என்ன பேச்சு வாங்கினாள் என்பதை அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது அப்பாவோடு விடியற்காலையில் வேலைக்குப் போய்விடும். கல்லூரிப் பிள்ளைகள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. அங்கே வரும், பிள்ளை இங்கே கணினி மையத்தில் காத்திருக்கும். போன் கையில் இருந்தாலும் அண்ணனுக்குக் கொடுப்பார்கள், தங்கைக்குக் கொடுக்க மாட்டார்கள். இது நம் தெருவின் குற்றம்; இதற்கு ஊர்க்காரரை நோக முடியாது.

1894இல் அடையாறில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியதற்குக் காரணம், மற்ற பள்ளிகள் நம்மைச் சேர்க்காததுதான். பிறகு அரசின் தொழிலாளர் துறை சேரிகளிலேயே பள்ளிகளைக் கட்டியது. அவைதாம் இன்றைய நலப் பள்ளிகள். இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் சொன்னார்கள். அதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அந்த இணைப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இந்த இணைப்பைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

போன திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். முக்கால் கிலோமீட்டர் வடம், பள்ளிக்கு ஓர் இணைப்பு, படிப்பகத்துக்கு ஓர் இணைப்பு. இவ்வளவுதான் மனு. பதில் குறுஞ்செய்தியாக வருமாம், செல்பேசி எண் கேட்டார்கள். படிப்பகத்துக்கென்று எண் கிடையாது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஏழாம் வகுப்புச் சிறுமியின் தந்தை எண்ணைக் கொடுத்தோம். அவர் கரும்பு வெட்டப் போயிருக்கிறார், பொங்கலுக்கு வருவார்.