எதிரெதிர் ஓடுங் கற்றைகள்

ஜெனீவா நகரருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடி வளையத்தில், புரோட்டன் கற்றைகள் இரண்டு எதிரெதிராக ஓடுமாறு செர்ன் நிலையத்தார் அமைத்துள்ளனர். கற்றையென்பது தொடர்ந்த இழையன்று. திரள் திரளாய்ச் செல்வது. முதற்றிட்டப்படி ஒரு திரளில் ஏறக்குறைய 11,500 கோடித் துகள்கள் உள. இரு திரள்கள் எதிர்ப்படுங்கால் நிகழும் மோதல்கள் சில பத்துக்களே! ஏனைய துகள்கள் ஊடுருவிக் கடந்து போம். ஆயினும் அவை வாளா கடப்பனவல்ல. எதிர்த்திரளின் மின்காந்த விசை ஒவ்வொன்றையும் சிறிது நெறி திருப்புகின்றது. வினாடிக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுக்களில், ஊசலை ஏற்ற தருணத்தே தள்ளினாற்போல, இத்திருப்பம் வளருமாயின் துகள் கற்றையினின்று விலகி இழக்கப்படும்.

இதனை முன்னறிதற்கே கணிப்பொறியிற் போலிக் கற்றை படைக்கின்றனர். துகளனைத்தையும் எண்ணுதல் ஒல்லாது. சில இலட்சம் போலித்துகள்களையே ஓடவிடுவர். எளிய முறையில் ஒரு கற்றையை மாறாத வில்லையாகக் கொண்டு மற்றதனை மட்டும் தொடர்வர். இதற்குதவும் விசைச்சூத்திரத்தைப் பாசெட்டி, எர்ஸ்கின் என்பார் 1980-இல் வெளியிட்டனர். இரண்டும் ஒன்றையொன்று மாற்றுதலைக் காணவேண்டின், சந்திப்புத்தோறும் விசையைப் புதிதாகக் கணித்தல் வேண்டும். பொழுது பெரிதுஞ் செல்லும்.

இத்துணை முயன்று பத்து இலட்சம் சுற்றுக்களைக் கணித்தாலும், அஃது உண்மை வளையத்தில் ஒன்றரை நிமிடமே. கற்றையோ பன்மணி நேரம் ஓடுவது. எஞ்சிய பொழுதில் நேர்வதை அச்சிறு காட்சியினின்றே ஊகிக்கின்றனர்.