பிரேத வண்டியும் சொந்த ஊர்தியும்

பிரேதஞ் சுமந்த மோட்டார் வண்டியொன்றை விலைக்கு வாங்கிச் சொந்த ஊர்தியாகக் கொள்ளலாமோ எனின், தீவகத்து முதியோர் பலர் துடக்கென்று முகஞ் சுளிப்பர். தீவக மக்கள் பலர் குடியேறியுள்ள கனடாவிலே அக்கூச்சமின்றி அதனைச் செய்தாரும் உளர். பாடகர் நீல் யங் இளமையில் 1948ஆம் ஆண்டுப் பியூக் பிரேத வண்டியொன்றைத் தம் குழுவினர்க்கு வாகனமாக்கினார். பேழையை ஏற்றியிறக்க அமைந்த உருளைகள் இசைக்கருவிகளை ஏற்றவும் வாய்ப்பாயின. அது 1965இல் வழியிற் பழுதுற்றது. அவரோ மனந்தளராது, 1966இல் வேறொரு பிரேத வண்டியிலேயே லொஸ் ஏஞ்சலிஸ் நகர் சேர்ந்தார்.

வாங்குவோன் அஞ்சவேண்டியது ஆவிக்கன்று, இயந்திரத்துக்கே. ஓடிய தூரம் குறைவாயினும், ஊர்வலத்தில் ஊர்ந்தும் நின்றவிடத்தே இயங்கியும் அது சூடேறித் தேய்ந்திருத்தல் கூடும். நீண்ட உடலமைப்பு ஒடுங்கிய ஒழுங்கைகளில் எளிதிற் திரும்பாது. கடற்காற்றின் உப்பு அடித்தகட்டை அரித்துளதோ எனக் குனிந்து பார்த்தலும் வேண்டும்.

இனித் துடக்கினை நோக்குவாம். ஊர்காவற்றுறைக்குப் பண்ணைப் பாலத்தின் வழியே வண்டி செல்லும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் தரைவழி இல்லை. யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் இறந்தவரின் உடலும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகிலேயே செல்லவேண்டும். அப்படகை எவரும் உடைத்து விறகாக்குவதில்லை. கழுவிவிட்டு மீண்டும் அரிசி மூடையை ஏற்றுகின்றனர். சாவு நிகழ்ந்த வீட்டையும் எவரும் கைவிடுவதில்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி வரை மாத்திரமன்று, அதன் பின்னரும் அங்கேயே வாழ்வர். படகுக்கும் வீட்டுக்கும் போதிய நீர் சில்லுள்ள வண்டிக்கு மட்டும் போதாதாமோ? ஆயினும், மணமகளை அழைத்துவர அவ்வண்டியை அனுப்ப நினைப்போன் சம்பந்தி வீட்டாரின் சம்மதத்தை முன்னரே பெற்றிருத்தல் நன்று.