முதலில் வந்த எண்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் சித்தி வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. உள்ளே தண்ணீரோடு இரண்டு போர்வைகள். வாரண்டி அட்டையைத் தேடப் பொறுமையில்லாமல், கைபேசியில் கம்பெனிப் பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சித்தி தட்டினார். மேலே வந்த முதல் எண்ணுக்கே அழைத்தார். எடுத்தவன் வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போட்டுப் பேசினான். புகாரைப் பதிவு செய்யப் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னான். ஒரு லிங்க் அனுப்பினான், ஒரு ஆப்பை இறக்க வைத்தான், வந்த ஓடிபியைக் கேட்டான். கால் மணி நேரத்தில் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போய்விட்டது.

அன்று மாலை நான் போனபோது சித்தி பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "மொத மொதல்ல அதுதானப்பா வந்துச்சு. பொய் நம்பரா இருந்தா அதை எப்படி மேல போடுவாங்க?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். முதலில் வருவதை யாரோ விவரம் தெரிந்தவர்கள் பார்த்து, சரி என்று முத்திரை குத்தித்தான் மேலே வைத்திருக்கிறார்கள் என்று நாம் நம்புகிறோம். அப்படி யாரும் பார்த்து வைப்பதில்லை.

1990-களின் நடுவில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களை எண்ணிப் பார்த்தன. நீங்கள் தட்டிய சொல் எந்தப் பக்கத்தில் அதிகம் வருகிறதோ, அது மேலே. இதை ஏய்ப்பது சுலபம். ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தால் போதும். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-இல் வேறு வழி சொன்னார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதைவிட, மற்ற பக்கங்கள் அதை எத்தனை முறை சுட்டுகின்றன, சுட்டுகிறவர்கள் யார் என்று பார்ப்பது. ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதிலிருந்து எடுத்த யோசனை அது. பேஜ்ரேங்க் என்று பெயர். கூகுளின் அஸ்திவாரம் அதுதான்.

நாம் ஊரில் செய்கிற விசாரணையும் இதே மாதிரிதான். மூட்டுவலிக்கு நல்ல டாக்டர் யார் என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். பத்துப் பேர் சொல்லுக்கும் ஒரே எடை கொடுப்பதில்லை. தினமும் நூறு மருந்துச்சீட்டைப் பார்க்கும் மெடிக்கல் ஷாப்காரர் ஒரு பெயரைச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் அவர் சொல்லை ஏன் நம்புகிறோம்? முன்பு அவர் காட்டிய டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள் என்பதால். நல்ல டாக்டரால் சிபாரிசு செய்தவருக்குப் பெயர்; நல்லவர் சிபாரிசு செய்வதால் டாக்டருக்குப் பெயர். இந்த இருவழிப் பிணைப்பைக் கணக்காக எழுதியவர் ஜான் கிளைன்பெர்க். 1999-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் நம்பத்தக்க மூலத்துக்கு 'அத்தாரிட்டி' என்றும், நல்ல மூலங்களைக் காட்டிவிடும் பக்கத்துக்கு 'ஹப்' என்றும் பெயர் வைத்தார்.

அதே கட்டுரையில் அவர் போகிற போக்கில் கவனித்த ஒன்றுதான் சித்தியின் கேள்விக்கு நேரான பதில் என்று எனக்குப் படுகிறது. 'கார் தயாரிப்பாளர்கள்' என்று தேடினால் ஹோண்டா, டொயோட்டா வர வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனிகளின் முகப்புப் பக்கத்தில் 'கார் தயாரிப்பாளர்' என்ற சொல்லே இருக்காது. உண்மையான அதிகாரம் உள்ளவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

இப்போது வாஷிங் மெஷினுக்கு வாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் எண் இருக்கும், ஆனால் 'தொடர்புக்கு' என்று ஒரு மூலையில், நாலு கிளிக்குக்குப் பின்னால். திருடன் எழுதும் பக்கத்தில் கம்பெனிப் பெயர், 'கஸ்டமர் கேர் நம்பர்', 'டோல் ஃப்ரீ', 'புகார் எண்' என எல்லாம் முப்பது முறை இருக்கும். சித்தி தட்டிய சொற்களோடு அச்சு அசலாகப் பொருந்துவது அவன் பக்கம்தான். அதை அவன் தன் சொந்தத் தளத்தில் போட வேண்டும் என்பதுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், கோப்பு ஏற்றலாம் என்று திறந்து வைத்திருக்கும் பெரிய தளம் ஒன்றில் போய் ஒட்டிவிடுகிறான். அந்தத் தளம் வருடக்கணக்கில் சேர்த்த நற்பெயரின் நிழலில் அவன் எண்ணும் மேலே ஏறிவிடுகிறது. வரைபடத்தில் வரும் கடை விவரங்களிலும் யார் வேண்டுமானாலும் 'திருத்தம்' முன்மொழியலாம். அந்த வழியாகவும் தொலைபேசி எண் மாறக்கூடும்.

சிபாரிசையே விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி இதற்குப் பேர்போன உதாரணம். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடை, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலில் வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், துணிக்கும் விரிப்புக்கும் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அந்தக் கடைக்கு லிங்க் போடப்பட்டிருந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கடை. கூகுள் அதைப் பல பக்கங்கள் பின்னால் தள்ளியது. மறு ஆண்டு 'பெங்குவின்' என்ற மாற்றத்தின் மூலம் இப்படிச் செயற்கையாக லிங்க் சேர்க்கும் தளங்களைக் கீழே இறக்கியது. 2024 மார்ச்சில் மூன்று காரியங்களை ஸ்பாம் பட்டியலில் சேர்த்தது. காலாவதியான நல்ல தளங்களின் முகவரியை வாங்கிக் குப்பையைப் போடுவது. கட்டுரைகளை மூட்டை மூட்டையாகத் தயாரித்துக் கொட்டுவது. அடுத்தவர் தளத்தின் நற்பெயரை வாடகைக்கு எடுப்பது. பட்டியல் போட்டால் திருட்டு நின்றுவிடாது. ஆனால் எந்தப் பக்கம் ஓட்டை என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

இன்றைய தேடல் வெறும் லிங்க் எண்ணிக்கை அல்ல. பக்கத்தின் உள்ளடக்கம், புதுமை, நீங்கள் இருக்கும் ஊர், மொழி எனப் பலவும் கணக்கில் சேரும். முடிவுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட கூகுள் ஆட்களையும் வைத்திருக்கிறது. அனுபவம், நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்ற நான்கையும் பார்க்கச் சொல்கிறது அவர்களுக்கான கையேடு. இவற்றில் 'அனுபவம்' 2022 டிசம்பரில் சேர்ந்தது. பணம், உடல்நலம் போன்றவற்றுக்கு இன்னும் கடுமையான அளவுகோல். ஆனால் அவர்கள் போடும் மதிப்பெண் ஒரு தளத்தை நேரடியாக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. கணக்குமுறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தான் அது.

தமிழில் தேடுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சர்க்கரை நோயைப் பற்றித் தேடினால் பெரிய மருத்துவமனைகள், அரசு நிறுவனங்கள் எல்லாம் போட்டிக்கு நிற்கும். அரைகுறைப் பக்கம் மேலே வருவது கடினம். தமிழில் அந்த அளவுக்கு மருத்துவர்கள் எழுதவில்லை. சுட்டுகிறவர்களும் குறைவு, சுட்டப்படத் தக்கவையும் குறைவு. ஆளில்லாத பந்தயத்தில் ஓடியவனே முதல். 'இன்சுலினை நிறுத்த மூன்றே நாளில் வழி' என்று ஒருவன் எழுதினால் அது மேலே வந்துவிடக்கூடும். இதைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்துகிறவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. எழுதத் தெரிந்த மருத்துவர்கள் தமிழில் எழுத வேண்டும் என்று நான் கேட்பது மொழிப்பற்றால் மட்டும் அல்ல.

விளம்பரம் இன்னும் வேறு. தேடல் பக்கத்தின் உச்சியில் 'ஸ்பான்சர்ட்' என்ற சிறு எழுத்தோடு வருபவை சிபாரிசால் வந்தவை அல்ல, ஏலத்தில் காசு கட்டி வந்தவை. அவசரத்தில் அந்தச் சிறு எழுத்து யார் கண்ணிலும் படாது. இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் நமக்குத் துணை வந்திருக்கிறது. அடுத்தவரின் வணிகச் சின்னத்தைச் சாவிச் சொல்லாக விற்று விளம்பரம் காட்டும் கூகுள், அதனால் மக்கள் குழம்பினால் 'நான் வெறும் இடைத்தரகன்' என்று ஒதுங்கிவிட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் சொன்னது. அதற்கும் முன்னால், சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் உள்ளிட்டோர் 2012-இல் கொடுத்த புகாரில், கூகுள் தன் சொந்தச் சேவைக்குத் தேடல் பக்கத்தில் தனி இடம் ஒதுக்கியது தவறு என்று கண்டு இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வரிசையை அமைப்பவருக்கும் சொந்த லாபம் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே பதிவான சாட்சி அது.

சரி, எதை நம்புவது? வாடிக்கையாளர் எண்ணைத் தேடி எடுக்கவே வேண்டாம். வங்கி எண் டெபிட் கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. மெஷின் எண் பில்லிலும், மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். தேடித்தான் ஆக வேண்டும் என்றால் முகவரியைக் கடைசியிலிருந்து முன்னால் படியுங்கள். 'வங்கிப்பெயர்.சேவைமையம்.காம்' என்று இருந்தால் வீட்டுக்காரர் 'சேவைமையம்.காம்'. முன்னால் நிற்கும் வங்கிப் பெயர் வாசலில் மாட்டிய போர்டு மட்டுமே, யாரும் மாட்டலாம். 'ஜிஓவி.இன்' என்று முடிவது அரசு அமைப்புகளுக்கு மட்டும் கிடைக்கும். வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்ற முடிவை ரிசர்வ் வங்கி கொண்டுவந்து, 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்றது. மேலே சுருக்கமாகப் பதில் சொல்லும் ஏஐ கட்டத்தில் வரும் எண்ணுக்கும் இதே சோதனைதான். அந்த எண்ணும் பெரும்பாலும் இதே பக்கங்களிலிருந்து பொறுக்கியதுதான்.

சித்திக்கு நடந்ததைப் போல் நடந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். 1930-க்கு உடனே அழைக்க வேண்டும், 'சைபர்கிரைம்.ஜிஓவி.இன்' தளத்திலும் பதியலாம். திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது, வாடகைக் கணக்குகள் வழியாகத் தாவிக்கொண்டே போகும். 1930-இல் புகார் பதிவானதும் அந்தத் தடத்திலுள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அது முடக்கப்படும். நாங்கள் அழைக்கும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. 48,000-இல் 11,000 மட்டும் அகப்பட்டது. ஆப்பை நீக்கும் முன் அதன் பெயர், அழைத்த எண், பணப் பரிவர்த்தனை எண், தேடல் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். பிறகு அவை எல்லாமே தேவைப்பட்டன.

வங்கியிலும் அதே நாளில் புகாரை எழுத்தில் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பே கிடையாது. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் அதுவரை போனது நம் தலையில். ஆனால் நாம் புகார் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கவுன்ட்டரில் இருப்பவர் "நீங்கதானே ஓடிபி கொடுத்தீங்க" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார். அவர் மனுவை வாங்கி ஒப்புதல் முத்திரை போடும்வரை அங்கிருந்து நகர வேண்டாம். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி இல்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதே சட்டத்தில் தேடுபொறியும் 'இடைநிலையாளர்' என்ற வரையறைக்குள் வருகிறது. அதனால் 2021 விதிகளின்படி அதற்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். பொய் எண் வரும் பக்கத்தைப் பற்றி அவரிடம் எழுதலாம். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

கடை, கிளினிக், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 'கூகுளில் முதலிடம் உறுதி, மாதம் இவ்வளவு' என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். முதலிடத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் வாங்கிப் போடும் லிங்குகளால் நாளை உங்கள் தளம்தான் பின்னால் தள்ளப்படலாம். அந்தக் காசை வைத்து உங்கள் தளத்தின் முகப்பிலேயே, முதல் வரியில், 'எங்கள் கஸ்டமர் கேர் நம்பர் இதுதான்' என்று தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். வாஷிங் மெஷின் கம்பெனி அதைச் செய்திருந்தால் சித்தி தட்டிய சொற்களுக்கு அந்தப் பக்கமும் வந்து நின்றிருக்கும்.